டெல்லி கணேஷும் தொழிலாளர் மேடையும்

நம்மைச் சிரிக்க வைத்த நடிகர் ஒருவர் காலமானால் நாம் என்ன செய்கிறோம்? அவர் பேசிய வசனங்களை இரண்டு நாள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். 'நல்ல மனிதர்' என்று ஒரு வார்த்தை சொல்லுகிறோம். மூன்றாம் நாள் மறந்துவிடுகிறோம். அவர் எங்கிருந்து வந்தார், எந்தப் பள்ளியில் தேர்ச்சி பெற்றார், அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறதா என்று விசாரிப்பவர்கள் மிகவும் சொற்பம். 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி இரவு சென்னையில் ஸ்ரீ டெல்லி கணேஷ் தமது எண்பதாவது வயதில் காலஞ்சென்றபோதும் இவ்வாறே நடந்தது. ஆனால் அவருடைய இறுதி யாத்திரைக்கு முன்னால் நடந்த ஒரு காரியம் நம் சிந்தனையைத் தூண்டவேண்டும். இந்திய விமானப் படையைச் சேர்ந்தவர்கள் அவர் வீடு தேடி வந்து மரியாதை செலுத்தினார்கள். ஒரு ஹாஸ்ய நடிகருக்கு ராணுவ மரியாதையா என்று வியந்தவர்கள் பலர். வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அவர் முதலில் அணிந்த வேஷம் தேசத்தின் சீருடை. மற்ற வேஷங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவையே.

நெய்வேலித் தொழிலாளர்களும், தொழிலாளர் நலத்தில் ஊக்கமுள்ள ஊழியர்களும் இந்த மனிதரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது நமது எண்ணம். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

விமானப் படையில் பத்து வருஷம்

திருநெல்வேலிச் சீமையில் வல்லநாடு என்ற ஊர். அங்கே 1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி பிறந்தவர் கணேசன். செல்வமோ சிபாரிசோ உள்ள குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 1964-ல் விமானப் படையில் சேர்ந்தார். 1974 வரையில் பத்து வருஷம் அதில் ஊழியம் செய்தார். 1965-ம் வருஷத்து யுத்தமும் 1971-ம் வருஷத்து யுத்தமும் அந்தப் பத்து வருஷத்துக்குள் வந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் சீருடை அணிந்திருந்த காலம் எத்தகையது என்பது விளங்கும்.

அந்த உத்தியோகம் அவரை டில்லிக்குக் கொண்டு சென்றது. டில்லியில் தமிழ் உத்தியோகஸ்தர்கள் ஏராளம். பகலெல்லாம் சர்க்கார் காகிதங்களோடு மல்லாடிவிட்டு, மாலையில் கூடித் தாய்மொழியில் நாடகம் போடுவது அவர்களுக்கு ஒரு பழக்கம். 'தட்சிண பாரத நாடக சபா' என்ற குழு அவ்வாறு நடந்துவந்தது. கணேசன் அதில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது. விளம்பரமும் கிடையாது. ஒத்திகைக்கு நேரம் தவறாமல் வருவது, பாடம் பிசகாமல் சொல்வது, பக்கத்தில் நிற்பவர் பேசும்போது தன் முகத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது ஆகிய மூன்று வித்தைகளையும் அவர் அங்கே கற்றார். ஐம்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவை அந்த மூன்றுமே.

படையைவிட்டு வந்தபின் சென்னையில் ஸ்ரீ காத்தாடி ராமமூர்த்தி நடத்திய 'ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்' குழுவில் சேர்ந்து நடித்தார். அந்தக் குழு மேடையேற்றிய 'பட்டினப் பிரவேசம்' விசு எழுதிய நாடகம். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து சிதறிப்போகும் கதை. அதை ஸ்ரீ கே. பாலசந்தர் 1977-ல் படமாக எடுத்தார். கணேசனை அதில் நடிக்கவைத்தார். 'டெல்லி கணேஷ்' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. சொந்த ஊரின் பெயரை முன்னால் வைத்துக்கொள்வது தமிழ் நடிகர்களின் வழக்கம். இவருக்கோ உத்தியோகம் பார்த்த ஊரும், முதன்முதல் நாடகம் பயின்ற ஊருமான டில்லியே அடைமொழியாய் அமைந்தது. அவருடைய பள்ளிக்கூடத்தின் முகவரி அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

ஹாஸ்ய நடிகர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் தாமே சிரிப்பின் மூலகாரணமாய் இருப்பவர்கள். அவர்கள் மேடைக்கு வந்தவுடனே கொட்டகை குலுங்கும். மற்ற ரகத்தார் சாதாரண மனிதராக வந்து நிற்பார்கள். அசாதாரணமான சங்கடம் ஒன்று அவர்கள் தலைமேல் வந்து விழும். அதைத் தாங்கிக்கொள்ள அவர்கள் படும் பாட்டைக் கண்டு ஜனங்கள் சிரிப்பார்கள். டெல்லி கணேஷ் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவர். 1990-ல் வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கல்யாணச் சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயராக அவர் நடித்ததைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயராக நடித்ததும் இதற்குச் சான்று. விழுந்து புரளுவதில்லை, முகத்தைக் கோணுவதில்லை. தனக்கு நேர்ந்தது வேடிக்கை என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அதனாலேயே நமக்கு அது வேடிக்கையாகிறது.

இதே மனிதர் 1979-ல் துரை எடுத்த 'பசி' படத்தில் வறுமையில் உழலும் ரிக்‌ஷாக்காரத் தகப்பனாக வந்து நம் கண்களில் நீரை வரவழைத்தார். அதற்காகத் தமிழ்நாட்டு அரசின் விசேஷப் பரிசும் பெற்றார். 1985-ல் 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கத்தால் வித்தையைக் கெடுத்துக்கொள்ளும் மிருதங்க வித்வானாக வந்தார். 1987-ல் 'நாயகன்' படத்தில் தலைவனுக்கு உயிரைக் கொடுக்கும் ஐயராக வந்தார். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொடியவர் நால்வரில் ஒருவராகவும் வந்தார். நானூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். அநேகமாக எல்லாவற்றிலும் துணைப் பாத்திரமே. போஸ்டரில் அவர் படம் பெரிதாய் ஒட்டப்பட்டதில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்கு இத்தனை பாத்திரங்கள் கிடைத்திருக்குமா? கொடுத்த வேலையைச் சுத்தமாய்ச் செய்வது என்பது சீருடை வாழ்க்கை கற்றுக்கொடுக்கும் பாடம்.

டெலிவிஷன் வந்தது

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி திறக்கப்பட்டது. அந்நாளில் அதற்கு நாடகம் வேண்டியிருந்தது. கையில் பணம் அதிகமில்லை. சபாக்களில் நடந்துகொண்டிருந்த நாடகங்களோ டெலிவிஷனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவைபோல் இருந்தன. ஒரு கூடம், ஒரு சோபா, இரண்டு வாசற்படி. கணவன், மனைவி, மாமனார், ஒரு வேலைக்காரன், ஒரு அசட்டு விருந்தாளி. வாரந்தோறும் ஒரு குழப்பம் வரும். முடிவில் குழப்பம் தீர்ந்து பழைய நிலையே திரும்பும். அடுத்த வாரம் வேறொரு குழப்பம். குடும்ப ஹாஸ்யத் தொடரின் இலக்கணமே இதுதான். அமெரிக்காவில் 1951-ல் 'ஐ லவ் லூசி' என்ற தொடரை மூன்று காமிராக்களை வைத்து, எதிரே ஜனங்களை உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். கொட்டகைச் சிரிப்பு இல்லாவிட்டால் நடிகனுக்கு வேகம் பிறக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஹிந்தியில் 1984-ல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற தொடர் வந்து வடநாட்டு வீடுகளையெல்லாம் சிரிக்க வைத்தது. தமிழில் இந்தச் சரக்கு முன்பே தயாராய் இருந்தது. அதைத் தயார் செய்து வைத்திருந்தவர்கள் உத்தியோகம் பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர்கள்.

அவர்கள் யார் யாரென்று பாருங்கள். கே. பாலசந்தர் சென்னை அக்கௌண்டெண்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். நாகேஷ் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். பூர்ணம் விசுவநாதன் வானொலியில் ஊழியம் செய்தவர். 1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி காலையில் நமது தேசம் விடுதலை அடைந்த செய்தியை டில்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்த குரல் அவருடையது. பிற்காலத்தில் மேடையிலும் திரையிலும் நம்மைச் சிரிக்கவும் உருகவும் வைத்ததும் அதே குரல்தான். கிரேஸி மோகன் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்துத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். 1976-ல் ஒரு நாடகம் எழுதிப் பெயர் பெற்று, பின்னர் சொந்தக் குழு அமைத்து, மேடையிலும் டெலிவிஷனிலும் 2019-ல் காலமாகும் வரையில் தமிழருக்கு ஆபாசமில்லாத சிரிப்பை அளித்தார். 'மைக்கேல் மதன காம ராஜ'னுக்கும் 'அவ்வை சண்முகி'க்கும் வசனம் எழுதியவர் அவரே. டெல்லி கணேஷ் இந்த வரிசையில் நிற்பவர். மர்மக் கதைத் தொடரான 'மர்மதேச'த்திலும் நடித்தார். 2021-ல் தி. ஜானகிராமன் கதையான 'பாயசம்' சிறு படமாகி வீட்டுத் திரைக்கு வந்தபோது, பொறாமையால் வெந்துபோகும் கிழவராக முக்கியப் பாத்திரத்தையே தாங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

இது புதிய சம்பிரதாயமல்ல. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த ஸ்ரீ பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. 'கூத்தாடி' என்று ஊர் ஏசிய காலத்தில் படித்த உத்தியோகஸ்தர்களையும் வக்கீல்களையும் அரிதாரம் பூசவைத்தார் அவர். நமது தேசபக்தர் ஸ்ரீ சத்தியமூர்த்தியே அந்தச் சபையின் மேடையில் நடித்தவர் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தொழில் நடிகர்களின் மேடையும் தேசத்துக்குக் குறைவாகச் செய்துவிடவில்லை. தேசீயப் பாட்டுக்களைப் பாடிப் பாடிப் பலமுறை சிறை சென்ற ஸ்ரீ விசுவநாத தாஸ் 1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் துறந்தார். மேடை என்பது பொழுதுபோக்குக் கூடம் மாத்திரமல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

நெய்வேலிக்கு என்ன சம்பந்தம்?

'இதெல்லாம் சரி, நெய்வேலிக்கும் டெல்லி கணேஷுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். அவர் இங்கே பிறக்கவில்லை; இங்கே உத்தியோகம் பார்க்கவுமில்லை. ஆனால் அவர் வளர்ந்த சூழ்நிலை எதுவோ, அதுவே நெய்வேலியின் சூழ்நிலையும் ஆகும்.

ஸ்ரீ ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்புப் பொருள் தென்பட்டது என்பதிலிருந்து இந்த ஊரின் கதை ஆரம்பமாகிறது. 1956-ம் வருஷம் சர்க்கார் ஸ்தாபனம் அமைந்தது. 1957-ல் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கினார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் ரஷ்ய உதவியோடு கட்டிய அனல் நிலையத்திலிருந்து மின்சாரம் பிறந்தது. சுரங்கத்தின் அடியில் பொங்கிவரும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் நிலக்கரி கைக்கு எட்டும் என்பது இங்குள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். தமிழ்நாட்டு வீடுகளில் டெலிவிஷன் பெட்டிகள் பேசத் துவங்கியபோது அவற்றை ஒளிரச் செய்த மின்சாரத்தில் ஒரு பங்கு இந்த மண்ணிலிருந்து போனது. சிரித்தவர்களில் எத்தனை பேர் இதை நினைத்திருப்பார்கள்? துணை நடிகரை மறப்பதுபோல் இதையும் மறப்பது உலக வழக்கம்.

ஷிப்டு முறையில் உழைத்து, மாதச் சம்பளம் வாங்கி, வட்டம் வட்டமாய் அமைந்த குடியிருப்பில் பல ஜாதி, பல மதம், பல பாஷைக்காரர்கள் அக்கம்பக்கமாய் வாழும் ஊர் நெய்வேலி. டில்லித் தமிழர்களுக்கு வாய்த்திருந்ததும் இப்படிப்பட்ட வாழ்க்கைதானே? நிலையான உத்தியோகம், மாலையில் ஓய்வு, ஒன்று சேரும் மனம் ஆகிய மூன்றும் உள்ள இடத்திலேதான் தொழிலாளர் நாடகம் வளரும். ஆகவே தமிழ்நாட்டில் அடுத்த டெல்லி கணேஷ் எங்கேனும் பிறக்கக்கூடுமென்றால் அது இத்தகைய ஊரில்தான் என்று துணிந்து சொல்லலாம். இன்று அவர் மின்நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகக்கூட இருக்கலாம். அவருக்கு மேடை எங்கே என்பதுதான் கேள்வி.

ஆட்சேபங்கள்

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லுவார்கள். ஒன்று: 'சபா நாடகங்கள் உயர்ந்த கலையா? துணுக்குத் தோரணங்கள்தானே? மயிலாப்பூர்க் கூடத்தைத் தாண்டி அவை என்ன கண்டன?' என்பது. இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. உழவனும் சுரங்கத் தொழிலாளியும் அந்த சோபாவில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தபோதும் பரிகாசப் பொருளாகவே வந்தார்கள். சபா மேடை தன் வாசலைக் குறுக்கிக்கொண்டது. அதன் பலனாகப் பார்ப்பவர்களும் குறைந்தார்கள். ஆனால் பள்ளியின் ஜன்னல் சிறிதாக இருந்தால் அதைப் பெரிதாக்குவோமா, பள்ளியையே இடித்துவிடுவோமா? 'பசி' படத்து ரிக்‌ஷாக்காரனை நடிக்கும் திறமையை டெல்லி கணேஷுக்கு அளித்ததும் அதே மேடைதான். குறை மேடையினுடையதல்ல, அதற்கு எழுதிக் கொடுத்தவர்களின் பார்வையினுடையது. நெய்வேலியைச் சுற்றியுள்ள கடலூர், விழுப்புரம் சீமைகள் தெருக்கூத்துக்குப் பேர்போனவை. கூத்தில் கட்டியங்காரன் அரசனையே கேலி செய்வான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தாரின் பிள்ளைகளும், டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்று எழுதி நடித்தால், சென்னைச் சபாக்கள் கனவிலும் காணாத ஹாஸ்யம் இங்கே பிறக்கும். நிலத்தையும் வேலையையும் பற்றி இந்த வட்டாரத்தில் பல வருஷங்களாக இருந்துவரும் மனத்தாங்கல்களை முகம் பார்த்துப் பேசவும் அது ஒரு வழியாகும்.

இரண்டாவது ஆட்சேபம்: 'டெலிவிஷன்காரர்களே இப்போது ஹாஸ்யப் போட்டிகள் நடத்துகிறார்கள், கையிலுள்ள போனிலேயே படம் பிடித்து உலகத்துக்குக் காட்டுகிறார்கள், பழைய மேடை எதற்கு?' என்பது. போட்டிகளால் நல்ல நடிகர்கள் வெளிவந்திருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மூன்று நிமிஷம் சிரிக்க வைப்பது வேறு. இரண்டு மணி நேரம் ஒரு மனிதனாக வாழ்ந்து காட்டுவது வேறு. மூன்று நிமிஷத்துக்குத் துணுக்குப் போதும். இரண்டு மணி நேரத்துக்குப் பாத்திரம் வேண்டும். பக்கத்திலுள்ளவனோடு இசைந்து நடிக்கும் பொறுமை வேண்டும். அவனுக்குக் கைதட்டு விழும்போது பொறாமைப்படாத மனம் வேண்டும். தனியாக ஒரு போனுக்கு முன்னால் நின்று இவற்றைப் பயில முடியாது. டெல்லி கணேஷைத் துணை நடிகர்களின் அரசராக ஆக்கியது இந்தப் பொறுமையே. தொழிற்சங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குணத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

செய்யவேண்டியது

ஆகவே நமது கோரிக்கைகள் மிகவும் சுருக்கமானவை. பெரும் பணம் பிடிப்பவையும் அல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசும்போது தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றியும் பேசவேண்டும். மன்றங்களிலும் மண்டபங்களிலும் ஒத்திகைக்கு வாடகையில்லாமல் இடம் தரவேண்டும். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற வித்தியாசம் அந்த வாசலில் நிற்கக் கூடாது. நாடகம் நடத்தும் நாளில் ஷிப்டு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்தாரும் சேர்ந்து எழுதிய புது நாடகங்களுக்கு வருஷந்தோறும் ஒரு போட்டி நடத்தி, முதல் நாடகத்தைச் சர்க்கார் டெலிவிஷனில் ஒளிபரப்ப ஏற்பாடு செய்யவேண்டும். சென்னை நிலையத்தின் தமிழ் அலைவரிசை 2024-ல் 'பொதிகை' என்ற பெயரை விட்டு 'டிடி தமிழ்' என்று புதுப் பெயர் சூடிக்கொண்டது. பெயர் புதிதானால் போதுமா? 1975-ல் அந்த நிலையத்தைத் தாங்கியவர்கள் உத்தியோகஸ்த நடிகர்கள் என்ற பழைய கடனும் அதற்கு நினைவிருக்க வேண்டும்.

விமானப் படை ஸ்ரீ டெல்லி கணேஷை மறக்கவில்லை. பத்து வருஷம் ஊழியம் செய்தவனுக்கு, ஐம்பது வருஷம் கழித்தும் வந்து மரியாதை செய்தது. தமிழ் மேடைக்கும் திரைக்கும் அந்த ஐம்பது வருஷத்தையும் அளித்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவருக்குக் கிடைத்ததுபோன்ற ஒரு மேடையை இன்னொரு தொழிலாளிக்குக் கிடைக்கச் செய்வதே. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வழியில், நான்கு பேர் கூடி ஒரு நாடகத்தை வாசிக்க இடம் இருந்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நெய்வேலி இதை முதலில் செய்து காட்டட்டும்.